இருநூற்றொன்பது மீட்டர்

"முன்னூத்தி நாப்பத்தி ரெண்டு."

பால்கடை எவ்வளவு தூரம் என்று வழியில் யாரோ கேட்டதற்கு வந்த பதில் இது. கேட்டவர் விழித்துக்கொண்டு நிற்க, சொன்னவர் அதற்குள் இருபது அடி முன்னால் போய்விட்டார். ஒற்றைச் சக்கரம், அதிலிருந்து இடுப்புயரத்துக்கு ஒரு கைப்பிடி, சக்கரத்துக்குப் பக்கத்தில் எண் ஓடும் சின்னப் பெட்டி. இதைத் தள்ளிக்கொண்டு சாலையோரமாகப் போகும் இந்தப் பெண்மணியை எங்கள் பகுதியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் சக்கரக்கா. சாலைத் துறை அலுவலகத்தில் தினக்கூலிக்கு அளவெடுப்பவர். எங்கே குழாய் பதிப்பதானாலும், எங்கே தார் போடுவதானாலும் முதலில் இவருடைய சக்கரம் போகும். பிறகுதான் மண்வெட்டியும் இயந்திரமும் வரும்.

"பக்கத்துலதான்", "இதோ, ரெண்டு எட்டு" என்ற பேச்செல்லாம் அவரிடம் எடுபடாது. "யாரு எட்டு? உங்க எட்டா, என் எட்டா?" என்று மடக்குவார். நானும் அவரும் ஒரே குடியிருப்பில், ஒரே மாடியில் எதிரெதிர்க் கோடியில் இருக்கிறோம். "உங்க வாசலுக்கும் எங்க வாசலுக்கும் பதினோரு மீட்டர் தம்பி. மாசத்துல ஒரு நாள் வந்து ஒரு வாய் டீ குடிக்க முடியல உங்களால" என்று என்னைக் குத்திக்காட்டுவதற்கும் அவருக்கு எண் வேண்டும்.

வயது நாற்பத்தேழு. ஒல்லி. இருபத்திரண்டு வருடம் ஒரே கையால் தள்ளியதில் வலது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருக்கிறது. சாலையை அளக்கும்போது ஓரத்திலிருந்து ஒரு சாண் விட்டுப் போக வேண்டும் என்பது அவர்கள் தொழிலில் விதி. அந்தச் சாண் அவர் காலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. கல்யாண மண்டபத்தில் கை கழுவப் போனாலும் சுவரிலிருந்து ஒரு சாண் விட்டுத்தான் நடப்பார். எதிரே யார் வந்தாலும் விலகமாட்டார். விலகினால் அளவு கெட்டுவிடும் என்பது போல.

இவர் ஓடுகிறவர் என்று சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. பஸ் பிடிக்க ஓடுவது அல்ல, நெடுந்தூர ஓட்டம். இருபத்தோரு கிலோமீட்டர், அப்புறம் ஒரு தொண்ணூற்றேழரை மீட்டர். அந்தத் தொண்ணூற்றேழரையை விட்டுவிட்டு "இருபத்தொண்ணு" என்று சொன்னீர்களானால் அன்றைக்கு உங்களோடு பேச மாட்டார்.

ஆரம்பித்த கதை எளிமையானது. பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, இவர் அளந்து புதிதாகத் தார் போட்ட சாலையில் ஓட்டப்பந்தயம் நடந்தது. சிவப்புக் கொடியைக் கையில் கொடுத்து, வண்டி வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி இவரை ஓரமாக நிறுத்தினார்கள். மூன்று மணி நேரம் நின்றார். "நான் அளந்த ரோட்டுல ஊரே ஓடுது. நான் மட்டும் ஓரமா நின்னு வேடிக்கை பாக்கணுமாக்கும்!" என்று வீட்டுக்கு வந்து சொன்னாராம். மறுநாள் விடியற்காலையிலிருந்து ஓட ஆரம்பித்தார். அடுத்த ஆண்டுப் பந்தயத்தில் அவரும் ஒரு ஆள்.

அந்த முதல் ஆண்டு நுழைவுக் கட்டணம் அவருடைய ஒரு நாள் கூலி. அதற்கு நெஞ்சில் குத்திக்கொள்ள ஒரு எண், வழியில் தண்ணீர், முடிவில் ஒரு வாழைப்பழம், கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம். அடுத்த ஆண்டு பனியன் கொடுத்தார்கள், இரண்டு நாள் கூலி ஆயிற்று. பிறகு பதக்கம் வந்தது, பை வந்தது, பைக்குள் சோப்பும் தலைவலித் தைலமும் வந்தன. வழியில் காதைக் கிழிக்கிற பாட்டு வந்தது. ஓடும்போது படம் பிடித்து, அந்தப் படத்தை நமக்கே விற்கிற ஏற்பாடும் வந்தது. ஆண்டுக்கு ஆண்டு பதக்கம் கனத்துக்கொண்டே போயிற்று, கட்டணமும் சேர்ந்து கனத்தது. போன ஆண்டு ஆறு நாள் கூலி. இந்த ஆண்டு ஒன்பது. அதுவும் முதல் மாதத்தில் கட்டினால் ஒன்பது, கடைசி வாரத்தில் கட்டினால் பதினொன்று.

"ரெண்டேகால் கிலோமீட்டர் சொச்சத்துக்கு ஒரு நாள் கூலி தம்பி" என்றார் அக்கா, மனக்கணக்காக. "டாக்ஸில போனாக்கூட இதைவிட மலிவு. அவன் ஏசி வேற போடுவான்."

சும்மா புலம்பிவிட்டு இருக்கிற ஆளா அவர்? பந்தயம் நடத்தும் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். மகள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். அவள்தான் தட்டச்சு செய்து அனுப்பினாள். 'எனக்குப் பனியன் வேண்டாம், ஏற்கெனவே எட்டு இருக்கிறது. பதக்கம் வேண்டாம், பை வேண்டாம், பாட்டு வேண்டாம். ரோடு மட்டும் போதும். ரோட்டுக்கு மட்டும் எவ்வளவு?' இதுதான் கடிதம். எல்லாம் சேர்ந்த தொகுப்பாகத்தான் தர முடியும் என்று பதில் வந்தது. கூடவே, பதிவு செய்ய நாள் நெருங்குகிறது என்று முள் ஓடுகிற ஒரு கடிகாரப் படமும்.

அவருடைய வீட்டுக்காரர் பேக்கரியில் அடுப்படி வேலை பார்க்கிறவர். மாவுக் கையோடு வாசலில் நின்று இந்தக் கடிதத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கடன்காரனைப் பாத்து ஓடுறவன் எல்லாம் இலவசமாத்தான் ஓடுறான். காசு குடுத்து ஓடுறது உங்கக்கா ஒருத்திதான்." பிறகு கொஞ்சம் இறங்கி, "ஒரு வருஷம் விட்டுட்டு அடுத்த வருஷம் ஓடேன்" என்றார்.

அங்கேதான் சிக்கல். ஒரு வருடமும் விட முடியாது. தொடர்ந்து பத்து ஆண்டு இந்தப் பந்தயத்தை ஓடி முடித்தவர்களுக்கு ஒரு நிரந்தர எண் கொடுப்பார்கள். அதற்கப்புறம் அந்த எண் அவருக்குத்தான், வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். ஆளை இழுக்க அவர்கள் போட்ட தூண்டில் அது, எனக்குத் தெரியாதா என்ன? அதை அக்காவிடம் சொல்லவும் செய்தேன். இவருக்கு ஒன்பது ஆண்டு முடிந்திருந்தது. இந்த ஆண்டு விட்டால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

"தூண்டில்தான். தெரியும்" என்றார். "இருபத்திரெண்டு வருஷமா ஆபீஸ்ல தினக்கூலி. நிரந்தரம்னு ஒரு காகிதத்துல எம்பேரு ஏறல. நான் அளக்குறேன், கையெழுத்து இன்ஜினியர் போடுறாரு. இந்த ஒரு இடத்துலயாவது நிரந்தரமா ஒரு நம்பர் இருக்கட்டுமே தம்பி. ஆசைப்படுறேன், அவ்வளவுதான்."



அப்புறம்தான் அதிர்ஷ்டம் அடித்தது, அல்லது அடித்த மாதிரி இருந்தது. வழக்கமான பாதையில் பாலம் கட்டப் பள்ளம் தோண்டிவிட்டார்கள். பந்தயத்துக்குப் புதுப் பாதை வேண்டும், அதை அளந்து சான்று கொடுக்க ஆள் வேண்டும். நிறுவனத்தின் பாதைப் பொறுப்பாளர் சாலைத் துறை அலுவலகத்துக்கு வந்தார். தொப்பியைக் கழற்றியே நான் பார்த்திராத மனிதர். அக்கா அவருக்கு வைத்த பெயர் தொப்பிக்காரர். இன்ஜினியர் அக்காவைக் கைகாட்டினார். அளந்து கொடுத்தால் பதிவு இலவசம் என்று பேச்சாயிற்று.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை வெயிலில் நடந்து அளந்தார். கிளம்பும் இடத்தில் மஞ்சள் கோடு, திரும்பும் இடத்தில் மஞ்சள் கோடு, முடியும் இடத்தில் மஞ்சள் கோடு. அளவுத்தாளில் 'அளந்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு என் வீட்டுக் கதவைத் தட்டி அந்தத் தாளின் நகலைக் காட்டினார். "என் கையெழுத்து தம்பி. இன்ஜினியர் இல்ல. நான்" என்றார். கோணல்மாணலான கையெழுத்து. அதை அவர் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டுமே! பெற்ற மகள் பட்டம் வாங்கியபோதுகூட அப்படிப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்தான். கட்டணத்துக்காகச் சேர்த்து வைத்திருந்த காசில் புதிதாக ஓடும் காலணி வாங்கிவிடலாம் என்று கடைகூடப் பார்த்துவிட்டு வந்தார். பழைய காலணியின் அடிப்பாகம் வாயைப் பிளந்து ஆறு மாதமாகியிருந்தது.

இனி நடந்ததுதான் அவர்கள் தொழிலில் மட்டுமே நடக்கக்கூடிய தப்பு.

சாலைத் துறை அலுவலக முற்றத்தில் சரியாக ஐம்பது மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆணிகள் உண்டு. மாதத்தின் முதல் திங்கட்கிழமை, அந்த ஆணிக்கும் இந்த ஆணிக்கும் நடுவே சக்கரத்தை ஓட்டிப் பார்ப்பது அக்காவின் வழக்கம். ஐம்பது காட்டினால் சக்கரம் சரி. இந்த ஆண்டு முற்றத்துக்குப் புதிதாக சிமென்ட் போட்டார்கள். ஆணிகள் அடியில் போய்விட்டன. "அடுத்த மாசம் பாத்துக்கலாம், அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு விட்டேன்" என்றார் பின்னால். பந்தயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது யாரோ இரும்பு நாடாவை இழுத்துப் பிடித்து மறுபடி ஆணி அடித்தார்கள். அக்கா சக்கரத்தை ஓட்டினார். ஐம்பதரை காட்டியது.

மறுபடி ஓட்டினார். ஐம்பதரை.

சக்கரத்தின் ரப்பர் தேய்ந்திருந்தது. எவ்வளவு? ஒன்றரை மில்லிமீட்டர். சக்கரம் சிறுத்தால் அதிகமாகச் சுற்றும். அதிகமாகச் சுற்றினால் பெட்டி அதிகமாகக் காட்டும். அளந்தவர் நிஜ தூரத்துக்கு முன்னாலேயே கோடு போட்டுவிடுவார். இருபத்தோரு கிலோமீட்டருக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் இருநூற்றொன்பது மீட்டர் குறைவு.

அன்று சாயங்காலம் வந்து என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னார்.

நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். "அக்கா, பேசாம இருந்துடுங்க" என்றேன். "யாருக்குத் தெரியப்போவுது? குறைச்சல்னா ஓடுறவங்களுக்குச் சந்தோஷம்தானே? இலவசப் பதிவு கையில இருக்கு. பத்தாவது வருஷம். போய் ஓடிட்டு நம்பரை வாங்கிட்டு வாங்க."

என்னை அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். கோபித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"முதமுதலா என் கையெழுத்துல போன அளவு தம்பி" என்றார். "அது தப்பா இருக்கணுமா?"

மறுநாள் தொப்பிக்காரரைப் பார்க்கப் போனார். துணைக்கு நானும் போனேன். மனசு உறுத்திய உறுத்தலில்தான் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய அலுவலகத்தில் மேஜைக்கு மேல் பதக்கங்கள் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தன. அக்கா அளவுத்தாளை மேஜையில் வைத்து, ஆணி, சிமென்ட், ரப்பர் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். தொப்பிக்காரர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"அக்கா, பேனர் ஏறியாச்சு. போலீஸ் அனுமதி வாங்கியாச்சு. இப்ப போயி பாதையை மாத்த முடியுமா?"

"பாதையை மாத்த வேணாம் சார். கிளம்புற கோட்டை இருநூத்தொம்பது மீட்டர் பின்னாடி தள்ளுங்க. நானே வந்து போட்டுத் தரேன்."

"அங்க அன்னைக்கு ஸ்பான்சரோட கார் நிக்கும்க்கா."

"காருக்குச் சக்கரம் இருக்கில்ல சார்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொப்பிக்காரருக்கு வரவில்லை.

"ஆறாயிரம் பேரு ஓடுறாங்க. ஒருத்தருக்கும் தெரியாது. விடுங்க" என்றார்.

"துணிக்கடையில ஒரு மீட்டர் துணி கேக்குறீங்க. தொண்ணூத்தொம்பது சென்டிமீட்டர் வெட்டிக் குடுக்குறான். பேசாம வாங்கிட்டு வந்துடுவீங்களா? ஒன்பது நாள் கூலி வாங்குறீங்க சார் ஒரு ஆள்கிட்ட. ரோட்டையாவது முழுசாக் குடுக்க வேணாமா?"

"தப்பு பண்ணது நீங்கக்கா" என்றார் அவர் மெதுவாக. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா தலையாட்டினார்.

"நான்தான். அதான் வந்திருக்கேன். அந்த இலவசப் பதிவை ரத்து பண்ணிடுங்க. தப்பான அளவுக்குக் கூலி வாங்கற பழக்கம் எனக்கு இல்ல."

"அப்ப ஓடலையா? பத்தாவது வருஷம்னு சொன்னீங்க?"

"ஏன் ஓடாம? எல்லாரையும் மாதிரி காசு கட்டி ஓடுறேன்."

பதினொரு நாள் கூலி. அங்கேயே, அந்த மேஜையிலேயே, காலணிக்கு வைத்திருந்த காசை எடுத்துக் கட்டிவிட்டு எழுந்தார். வெளியே வந்ததும் நான் கத்தினேன். அளந்தது இரண்டு நாள் உழைப்பு, சக்கரம் தேய்ந்தது அலுவலகத்தின் சக்கரம், நிறுவனம் கொழுத்துப் போய்க் கிடக்கிறது, உங்களுக்கு மட்டும் என்ன வந்தது என்றெல்லாம். அவர் ஓரத்திலிருந்து ஒரு சாண் விட்டு நடந்துகொண்டே இருந்தார். "கத்தி முடிச்சாச்சா? வாங்க, டீ குடிப்போம். நூத்தி எம்பது மீட்டர்தான்" என்றார்.

வீட்டுக்காரர் கேள்விப்பட்டதும், "உனக்குக் கிறுக்கு முத்திப்போச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு உள்ளே போனார். ஆனால் மறுநாள் வேலை முடிந்து வரும்போது கையில் ஒரு பசைக் குழாய் இருந்தது. வாய் பிளந்த காலணியைத் துடைத்து, பசை தடவி, கட்டில் காலுக்கு அடியில் கொடுத்து இரண்டு நாள் வைத்திருந்தார். "இருபத்தோரு கிலோமீட்டர் தாங்கும். அதுக்கு மேல நான் பொறுப்பில்ல" என்றாராம். "தொண்ணூத்தேழரை மீட்டரை விட்டுட்டாரு பாருங்க தம்பி உங்க மாமா" என்று என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டார் அக்கா. ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

பந்தயத்தன்று விடிவதற்கு முன்னாலேயே அக்காவோடு போனேன். புது ரப்பர் மாட்டி, ஆணிக்கு ஆணி ஓட்டிச் சரிபார்த்த சக்கரத்தையும் கொண்டு வந்திருந்தார். முடியும் இடத்தில் நிறுத்தியிருந்த அலங்கார வளைவின் அடியிலிருந்து அதைத் தள்ளிக்கொண்டு போனார். பழக் கூடைகளைத் தாண்டி, படம் எடுக்கும் பலகையைத் தாண்டி, வண்டிகள் நிறுத்தும் இடத்தின் கடைசி விளக்குக் கம்பம் வரைக்கும். அங்கே இருநூற்றொன்பது. பையிலிருந்து மஞ்சள் பெயின்ட்டை எடுத்து, குனிந்து, நேராக ஒரு கோடு போட்டார். சக்கரத்தைக் கம்பத்தில் சாய்த்துப் பூட்டினார்.

கிளம்பும் இடத்தில் பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம் சொன்னார். "ரோடு இருநூத்தொம்பது மீட்டர் கம்மிங்க. அளந்தது நான்தான், தப்பு என்னுது. முழுசா வேணும்னா வளைவைத் தாண்டி வாங்க, மஞ்சக் கோடு போட்டிருக்கேன்." பாதிப் பேர் காதில் பாட்டு. நீலப் பனியன் போட்ட ஒரு பெண் மட்டும் நின்று கேட்டுவிட்டு, "அடப் போங்கக்கா, இதுவே எனக்கு ஜாஸ்தி" என்று சிரித்தார்.

நான் முடிவு வளைவில் காத்திருந்தேன். என் கையில் அவருடைய செருப்பு. மூன்று மாடி ஏறினால் இரண்டாவது மாடியில் நின்று ஜன்னலை ரசிப்பது போல் நடிக்கிறவன் நான். எனக்கு அங்கே வேறு வேலை இல்லை. இரண்டரை மணி நேரம் ஆகப்போகும்போது தூரத்தில் அந்த இறங்கிய வலது தோள் தெரிந்தது. இடது காலணியின் முனை மறுபடி வாயைத் திறந்திருந்தது. அது தரையில் தட்டுகிற சத்தம் கூட்டத்திலும் கேட்டது. முகம் கடுகடுவென்று இருந்தது. வளைவுக்குக் கீழே விரித்திருந்த விரிப்பை மிதித்தார், நேரம் குறிக்கும் இயந்திரம் கூவியது. பத்தாவது ஆண்டு முடிந்தது, எண் அவருடையது. நான் செருப்போடு கையைத் தூக்கி ஆட்டினேன்.

பதக்கம் மாட்டும் பெண் நாடாவை விரித்துப் பிடித்து நின்றார். அக்கா உள்ளங்கையைக் காட்டினார்.

"இன்னும் முடியல."

ஓடிக்கொண்டே போனார், ஓரத்திலிருந்து ஒரு சாண் விட்டு. "அக்கா! அக்கா! முடிஞ்சிடுச்சு!" என்று அந்தப் பெண் பின்னால் கூவினார். பிறகு என் கையில் செருப்பைப் பார்த்துவிட்டு, "உங்க ஆளா? நீங்களே குடுத்துடுங்க" என்று பதக்கத்தை என் கையில் திணித்தார். கல் மாதிரி கனம்.

ஓடினேன். வேறென்ன செய்ய? ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் பதக்கம், பழக் கூடைகளைத் தாண்டி, பலகையைத் தாண்டி, கிளம்பும் இடத்திலிருந்து இங்கே வந்துவிட்டிருந்த ஸ்பான்சர் காருக்குப் பக்கத்தில் நின்றிருந்த தொப்பிக்காரரைத் தாண்டி. அவர் வாயைப் பிளந்து பார்த்தது எனக்குத் தெரிந்தது. நின்று ரசிக்க மூச்சு இல்லை.

விளக்குக் கம்பத்தருகே அக்கா மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கைக்கடிகாரத்தை நிறுத்தியாகியிருந்தது. எனக்குக் கண் இருட்டியது. கோட்டுக்கு ஒரு முழம் இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். நின்ற இடத்திலிருந்து பதக்கத்தை நீட்டினேன்.

அவர் கையை நீட்டவில்லை. என் காலைப் பார்த்தார், பிறகு கோட்டைப் பார்த்தார். மூச்சு வாங்கிக்கொண்டே ஆட்காட்டி விரலை நீட்டித் தன் காலடியைக் காட்டினார்.

நான் கோட்டைத் தாண்டினேன். அதற்கப்புறம்தான் பதக்கத்துக்குக் கழுத்தைத் தாழ்த்திக் கொடுத்தார்.